தாளம் பிறந்த தடம்

இன்று கடலூரிலிருந்து கிளம்புகிறோம். நேரே தெற்கே போனால் சிதம்பரம் வந்துவிடும். ஆனால் முதலில் மேற்கே, பண்ருட்டிக்குப் போய்விட்டு வருவோம். பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர். எனக்கோ பழத்தைவிட மரம்தான் பெரிது. மிருதங்கமும் தவிலும் வீணையும் செய்கிறவர்கள் தேடி வருவது இந்த வட்டாரத்துப் பலாக்கட்டையைத்தான். மிருதங்கமானால், வைரம் பாய்ந்த கட்டையைக் குடைந்து, தோல் போர்த்தி, வார் இழுத்துக் கட்டினால்தான் அது பேசத் தொடங்கும்.

இனி சிதம்பரம். கிழக்குக் கோபுர வாசலில் நுழையும்போது அவசரப்பட வேண்டாம். இருபுறச் சுவரிலும் நாட்டிய சாஸ்திரத்தின் கரணச் சிற்பங்கள், கிரந்த எழுத்தில் அவற்றுக்குரிய சுலோகங்களோடு. எல்லோர் கண்ணும் ஆடுகிற பெண்ணிடமே போகும். கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். பல சிற்பங்களில் சின்ன உருவமாக ஒருவர் மத்தளம் கொட்டுகிறார், இன்னொருவர் தாளம் போடுகிறார். அவர்கள் இல்லாமல் அந்தக் கால் உயர்ந்திருக்காது.

தாளம் போடுகிற அந்தச் சின்ன உருவத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால், நான் முத்துக்குமார பிள்ளை என்பேன். ஊர், இங்கிருந்து தென்மேற்கே வீராணம் ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயில். 1874-ல் பிறந்த நட்டுவனார். நட்டுவனார் என்றால் வெறுமனே நடனம் சொல்லிக்கொடுப்பவர் அல்ல. பயிற்சியின்போது தட்டுக்கழியால் தட்டுமனையைத் தட்டியும், மேடையில் கைத்தாளம் கொட்டியும், வாயால் சொற்கட்டு சொல்லியும் ஆடுகிறவரின் காலை நடத்துகிறவர் அவர். ஜதி ஒரு மாத்திரை பிசகினாலும் அதை முடித்துவைக்கும் தீர்மானம் சரிந்துவிடும்.

பின்னாளில் பரதநாட்டியம் எனப்பட்ட, கோயில் சார்ந்த சதிராட்டம் பழிப்புக்கு ஆளாகி, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வரையில் போன காலம் அது. நட்டுவனார்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. அறுபதைத் தாண்டிய அந்த வயதில்தான் முத்துக்குமார பிள்ளையிடம் புதிய தலைமுறை வந்து சேர்ந்தது. சென்னையில் சிறுமியாக எம்.கே. சரோஜா கற்றுக்கொண்டார். குமாரி கமலாவும் இவரிடம் கற்றவர்தான். மிருணாளினி சாராபாய் இவரிடம் பயின்றவர். 1949-ல் அகமதாபாத்தில் தர்ப்பணா நிறுவனத்தைத் தொடங்கியவர். இவரிடம் பயின்ற ராம் கோபால் இந்த ஆட்டத்தை ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டுபோனார். சீடர்களின் பெயர் உலகெங்கும் ஒலித்த அளவுக்கு ஆசானின் பெயர் ஒலிக்கவில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை. இருந்தாலும் அவர் பெயருக்கு முன்னால் ஊர் நிற்கிறது: காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளை.

அந்த ஊருக்கே தாள ஞானம் பழைய சொத்து. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் இங்கே பிறந்தவர். நாலாயிரம் கைத்தாளங்களை ஒருசேர ஒலிக்கச் செய்தபோது ஒவ்வொன்றின் எடையையும் ஓசையை வைத்தே அவர் சொல்லிவிட்டார் என்பது வைணவ மரபுக் கதை. ஊரிலுள்ள வீரநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போனால் அவரையும் சேவித்துவிட்டு வாருங்கள்.

பயணத்துக்கு நல்ல நாள் மகா சிவராத்திரி. அந்த நாளையொட்டிச் சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது. மேடைக்கு ஓரமாக, நட்டுவாங்கம் செய்கிறவரின் கைகள் தெரிகிற பக்கமாக இடம் பிடியுங்கள்.