விளிம்பில் இருக்கும் பெயர்

பாட்டனாரின் பழைய பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எவ்வாறு அடையாளம் காண்பது?

முதலில் நாடாவைப் பாருங்கள். ஊதா நிறத்தின் நடுவே பச்சைக் கோடு ஓடுகிறதா? நாடாவின் மேல் ஆங்கிலத்தில் 'மலாயா' என்று பொறித்த குறுக்குப் பட்டை இருக்கிறதா? அப்படியானால் அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பொதுச் சேவைப் பதக்கம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்டது. இராணுவத்தினர் மட்டுமல்லர், போலீஸ்காரர்களும் அதைப் பெற்றனர்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். பெற்றவரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே, பெயருள்ள பதக்கத்தைச் சேகரிப்போர் பெரிதும் மதிப்பர்.

பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கிவிடும். வெள்ளி விலைக்கு விற்றுவிடவும் வேண்டாம். அவருடைய பணிச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

நாடா நைந்தால் புதிது வாங்கலாம். அழிந்த பெயரை எங்கே வாங்குவது?