ஈயம் கலவாத மின்பீங்கான்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடுப்பு மூட்டும் லைற்றரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதில் பற்றரி இல்லை. ஆயினும் விசையை அழுத்தினால் ‘டக்’ என்ற ஓசையுடன் பொறி பறக்கிறது. மிசன் பாடசாலையில் படித்த நாளில் நாம் அதனைக் கழற்றிப் பார்த்து வீட்டில் ஏச்சும் வாங்கியதுண்டு. உள்ளே இருப்பது ஒரு சிறு பீங்கான் துண்டு. அதன்மேல் விழும் அடியே மின்னாக மாறுகிறது. இதனை அழுத்தமின் என்பர். மறுதலையாக, மின்னைக் கொடுத்தால் அத்துண்டு அதிரும். ஆசுபத்திரியில் வயிற்றுப் பிள்ளையைக் காட்டும் ஸ்கான் கருவிக்கும், முல்லைத்தீவுக் கடலில் மீன்கூட்டம் பார்க்கும் கருவிக்கும் உயிர்நாடி இதுவே.

இக்கதையின் தொடக்கத்தில் நமது தீவுக்கும் இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இங்கிருந்து கொண்டுபோன தூர்மலின் என்னும் கல், சூடேற்றியதும் சாம்பலை இழுத்தது. அவர்கள் அதனைச் ‘சாம்பல் இழுப்பி’ என்றே அழைத்தனர். தூர்மலின் என்ற பெயரும் சிங்களச் சொல்லின் வழிவந்ததே. 1880இல் கியூரி சகோதரர்கள் அழுத்தமின்னைக் கண்டறிந்தபோது சோதித்த படிகங்களுள் தூர்மலினும் ஒன்று.

இன்று பெரும்பாலான கருவிகளில் இருப்பது 1950களில் வந்த ஈயம், சிர்க்கோனியம், தைத்தானியம் சேர்ந்த பீங்கான். அதன் எடையில் 60 சதவீதத்திற்கு மேல் ஈயம். சூளையில் சுடும்போது ஈயம் ஆவியாகிறது. கருவி பழுதாகிக் குப்பைமேட்டுக்குப் போனால் மண்ணிலும் கலக்கக்கூடும். குழந்தையின் மூளைக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை. ஐரோப்பியர் 2006 யூலை முதல் மின்கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும் இப்பீங்கானுக்கு விலக்கு அளித்தனர். பின்னரும் அதனை நீட்டினர். சட்டம் செய்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஈடான மாற்று இல்லை என்பதே காரணம்.

மாற்றை எப்படி ஆக்குவது? பாலுக்கு உறை விடுவதைப் போன்றது இவ்வித்தை. சேர்ப்பது சிறிது, மாறுவதோ முழுப் பொருளின் குணம். பேரியம் தைத்தானேற்று ஈயம் இல்லாத பழைய பீங்கான். அதன் படிகத்தில் தைத்தானியத் துகள் நடுவில் இராமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்கிறது. அந்த ஒதுக்கமே மின்னுக்கு மூலம். நியூற்றன் அளவு விசைக்கு அது தருவது ஏறத்தாழ 190 பிக்கோகூலோம். பேரியத்தில் ஒரு பங்கை எடுத்துக் கல்சியத்தையும், தைத்தானியத்தில் ஒரு பங்கை எடுத்துச் சிர்க்கோனியத்தையும் வைத்தால், எத்திசையில் ஒதுங்குவது என்று படிகமே தடுமாறும் நிலை வருகிறது. அந்நிலையில் சிறு அழுத்தமும் அதனைத் திருப்பிவிடும். 2009இல் சீன ஆய்வாளர் இம்முறையால் 620 வரை எட்டினர். ஈயப் பீங்கான்களில் சிறந்தவற்றுக்கு ஒப்பான அளவு அது. ஆனால் ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டும். பழைய பீங்கான் 120 பாகை வரை தாங்கும். இதுவோ 90 பாகையைச் சற்றுக் கடந்ததுமே குணத்தை இழக்கும். ஸ்கான் கருவிக்குப் போதும். இயந்திரத்தின் அருகே வைக்க உதவாது.

வெப்பத்தைத் தாங்குவது பொற்றாசியம், சோடியம், நையோபியம் சேர்ந்த இன்னொரு பீங்கான். 2004இல் யப்பானியர் அதில் இலிதியம், தந்தாலம், அந்திமனி சேர்த்துப் படிகங்களை ஒரே திசையில் அடுக்கி 416ஐக் கண்டனர். செப்பு ஒட்சைட்டு சிறிது கலந்தால் சூளையில் நன்றாக இறுகும். மங்கனீசு மின்கசிவைக் குறைக்கும்.

படிப்பது எளிது. நாம் இதனைச் செய்ய முயன்ற கதையையும் சொல்லவேண்டும். அது மாரிகாலம். பொற்றாசியம் காபனேற்று காற்றின் ஈரத்தைக் குடிக்கும் என்று தெரிந்திருந்தும், முதலில் உலர்த்தாமல் நிறுத்துவிட்டோம். நிறுத்ததில் பாதி தண்ணீர்! சுட்டெடுத்த வில்லை வெள்ளையாய் அழகாகத்தான் இருந்தது. நான்காம் நாள் தட்டில் மாவாகக் கிடந்தது. வன்னி மழையை எந்த ஆய்வுக் கட்டுரையும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அடுத்தமுறை இரவு முழுதும் உலர்த்தி, சூடு ஆறுமுன் நிறுத்தோம். அவ்வில்லை நிலைத்தது.

இனிக் கொக்கிளாய்க் களப்புக்கு வருவோம். அதன் தென்கரைக்கு அப்பால் புல்மோட்டையில் 1957இல் கனிமணற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. அக்கறுத்த மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் மூன்றும் உண்டு. அதாவது தைத்தானியமும் சிர்க்கோனியமும் நம் காலடியில். கல்சியத்திற்குச் சிப்பியும் சுண்ணக்கல்லும் போதும். அந்த 620 பீங்கானின் நான்கு உலோகங்களில் பேரியம் ஒன்றையே வெளியிலிருந்து எடுக்கவேண்டும். மணலிலிருந்து தூய ஒட்சைட்டைப் பிரிப்பது கடினம் என்பதை மறைக்கவில்லை. அமிலமும் பெருவெப்பமும் வேண்டும். மணல் அகழ்வு என்றதும் காணி போகுமோ என்று கொக்கிளாய் ஊரவர் அஞ்சுவதும் காரணமற்றதன்று. ஆனால் ஆய்வுக்கு லொறிக்கணக்கில் மணல் வேண்டாம். ஒரு சாக்கு மணல் பல ஆண்டுகளுக்குக் காணும். கிளிநொச்சியில் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அச்சாக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் முன்வந்தால், நிறுப்பதற்கு நாம் ஆயத்தம்.

மேசையில் இரண்டு வில்லைகள் வைத்துள்ளோம். இடப்புறத்தது பழைய கருவி ஒன்றிலிருந்து எடுத்த ஈயப் பீங்கான். வலப்புறத்தது மழைக்குத் தப்பிய நம்முடையது. இரண்டையும் தட்டிப் பார்க்கலாம். இடப்புறத்தைத் தொட்ட பிள்ளைகள் மட்டும் பிரசாதம் வாங்குமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.