பிள்ளைகளோடு மலையாற்றில் தூண்டில்

இளவயதில் நாம் பிடித்த தூண்டிலைப் பிள்ளைகளுக்காக மறுபடி எடுக்கிறோம். நல்லதுதான். மண்புழு கோத்துப் பாறையடி மடுவில் போட்டால் சிறுமீனாவது அகப்படும்; கெலா சிக்கினால் அதிர்ஷ்டம்!

ஆனால், மீனுக்கு முன்னே தண்ணீரைப் பார்க்கப் பழக்குவோம். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் மழை கொட்டியிருக்கும். அந்த நீர் திடீரென்று திரண்டு இறங்கிவரும். மலாய்க்காரர் அதைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், தூண்டிலைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டில் ஏறிவிட வேண்டும். ஆற்றோரமாகக் கீழே ஓடக் கூடாது. நடுவாற்றுப் பாறையில் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம். காலையில் போய், பிற்பகல் மழைக்கு முன்னே வீடு திரும்புவோம்.