பால் கட்டிய தாயும் பாலூட்டும் நேரமும்

(பலாபத்வலயில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்குப் பாலைப் பற்றிப் பேசப் போகிறோம். இறப்பர் பால் இல்லை, தாய்ப்பால். பின்னால் நிற்கிற ஆண்கள் நழுவ வேண்டாம். உங்கள் வீட்டுச் சங்கதியும் இதுதான்.

பால் போதவில்லை என்று ஒரு தாய் சொன்னால் பூண்டு, வெந்தயம், கருவாடு என்று லயமே வைத்தியம் சொல்லும். "பால் மிஞ்சுது" என்று சொன்னால், "நீ கொடுத்து வைத்தவள்" என்று சிரித்துவிடுகிறோம். அவள் படும் பாடு யாருக்குத் தெரியும்? மார்பு கல்லாய்க் கனக்கும். ரவிக்கை நனையும். பிள்ளை வாய் வைத்ததும் பால் பீறிட்டுப் புரையேறும். இருமும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். சில பிள்ளைகளுக்கு வயிறு உப்பி, பச்சையாய் நுரைத்துப் போகும். உடனே மாமி, "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கல, பால்மா கரைச்சுக் கொடு" என்பார். பாலில் குற்றமில்லை, மாமி. அது வரும் வேகமும் அளவும்தான் கூட.

இறப்பர் மரத்தை ஓயாமல் வெட்டினால் பால் வற்றிப்போகும் என்பது பால் வெட்டும் நமக்குத் தெரியும். தாயின் மார்பு அதற்கு நேர்மாறு. எடுக்க எடுக்க ஊறும். தேங்கினால் சுரப்பு குறையும். ஆகவே வலிக்கிறதென்று ஒட்டப் பீச்சி எடுத்தால் உடம்பு இன்னும் கூடுதலாகச் சுரக்கும். இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சிவிடுங்கள். பின்பக்கம் சாய்ந்துகொண்டு, பிள்ளையை மேலே போட்டுக் கொடுத்தால் வேகம் தணியும். ஒரு பக்கம் குடித்து முடிந்தபின் மறுபக்கம் கொடுங்கள். கொடுத்து முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். சில மணி நேரம் ஒரே பக்கம் கொடுத்துச் சுரப்பைக் குறைக்கிற முறையும் உண்டு. ஆனால் பிள்ளையின் நிறை நன்றாக ஏறுகிறதா என்று மிட்வைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் வழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். அது சும்மா நம்பிக்கை இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே அதைச் சோதித்து, பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் எழுதினார்கள். ஆனால் அது பாலை நிறுத்துகிற வைத்தியம். பிள்ளை குடித்துக்கொண்டிருக்கிற தாய்க்கு யாரும் கட்டிவிட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். பால் மிஞ்சுகிறது என்று எங்களிடம் சொன்ன தாய்மார் பலர், பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்கள். அவர்களுக்கு மிஞ்சவில்லை, தேங்குகிறது. விடியுமுன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், மரம் வெட்டி, சிரட்டைப் பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுக்கும்வரை பிள்ளை பக்கம் திரும்ப முடிவதில்லை. ஒரு தங்கச்சி, பிள்ளைமடுவத்துக்குப் போய் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "எல்லாம் முடிச்சுட்டுப் போ" என்பது பதில். மத்தியானம் மார்பு சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல். அதன் பிறகு எத்தனை பேர் இழந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. நிறுத்தினால்தான் கட்டு இன்னும் மோசமாகும்.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் நமக்கும் உரியது. முன்பு மூன்றாம் பிள்ளை முதல் 42 நாள்தான் லீவு. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இது பலருக்குத் தெரியும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, 9 மணி நேரத்துக்குள் இரண்டு முறை பாலூட்டும் நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாமல். இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. எந்த நேரத்தில் வேண்டும் என்று சொல்வது தாய்தான், கங்காணி இல்லை. துரை இரக்கப்பட்டுத் தருகிற சலுகையும் இல்லை.

மடுவம் கீழ் லயத்தில், வெட்டு மலை உச்சியில் என்றால் அரை மணி நேரம் நடைக்கே போய்விடும். அதனால் பாலூட்டும் தாய்மாருக்கு மடுவத்துக்குக் கிட்டே உள்ள மரங்களைத் தர வேண்டும் என்று கேட்கப் போகிறோம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். பத்துக் கிழமைப் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவள் அதை வேறு எப்படிச் செய்வாள்?

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார், கூட்டம் முடிந்ததும் மாதர் தலைவியிடம் பெயரையும், எந்த மலையில் வேலை என்பதையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் கேட்டு மறுத்திருந்தால் திகதி, மணி, மறுத்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.