பட்டியலில் விடுபட்ட எண்



இலக்கிய மேடையில் கணக்கிற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எண்ணையும் எழுத்தையும் பிரிக்காமல் போற்றிய மரபு நம்முடையது. எலவனாசூர்கோட்டைக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலூரும் கபிலரால் மட்டுமன்றிக் கணிதத்தாலும் நினைக்கத்தக்க ஊரே. 1910இல் வேலை தேடி அலைந்த சீனிவாச இராமானுசன், அங்குத் துணை ஆட்சியராயிருந்த இராமசாமி ஐயரைக் காண வந்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். குறிப்பேட்டைக் கண்டதும், அம்மேதையை வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் முடக்க மனமின்றிச் சென்னைக்கு அனுப்பினார். அந்தப் பயணம் கேம்பிரிட்சு வரை நீண்டது.

அங்கே 1915இல் இராமானுசன் வெளியிட்ட பெருங்கட்டுரை 'உயர் பகு எண்கள்' பற்றியது. தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடையதே உயர் பகு எண். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எதற்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இத்தகைய 102 எண்களை, கணிப்பொறி இல்லாத அந்நாளில், அவர் பட்டியலிட்டார். இறுதி எண் 6,74,632 கோடியையும் தாண்டும்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600.

1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. அந்த 5040உம் ஓர் உயர் பகு எண்ணே! அதன் வகுத்திகள் 60. அறுபதின் வகுத்திகள் 12. பன்னிரண்டின் வகுத்திகள் 6. ஆறின் வகுத்திகள் 4. இவை அனைத்தும் உயர் பகு எண்களே. தாத்தா முதல் பேரன் வரை ஒரே முகச்சாயல்!

உயர் பகு எண்ணில் சிறிய பகா எண், பெரிய பகா எண்ணைவிடக் குறைந்த முறை வாராது என்பது இராமானுசன் நிறுவிய விதி. விடுபட்ட எண்ணில் அம்முறைகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்குவதைக் காண்க. பட்டியலில் நழுவிய எண், அவர் விதிக்குள் பிசகின்றி அமர்ந்திருக்கிறது.

இக்குறையைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகுமா? ஏட்டில் விடுபட்ட அடியைக் கண்டு சேர்க்கும் பதிப்பாசிரியர் புலவரைப் பழிப்பதில்லை. அவர் நூலை முழுமையாக்குகிறார். மேதைகளுக்கு மாலையிடுவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர்கள் போட்ட கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவதே மெய்யான வழிபாடு.

மாணவர்களே, இன்றிரவு ஒரு தாளும் எழுதுகோலும் எடுங்கள். அந்த எண்ணை 19ஆல் வகுத்துப் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம்.