கால்நடையாக ஹஜ்: தவக்குலும் தங்குமிடமும்



அன்பின் நேயர்களே! ஹஜ்ஜுக்கு ஆயத்தமாகும் நமது வீடுகளில் சில வேளைகளில் ஒரு பேச்சுக் கேட்கின்றது. "அல்லாஹ்வின் விருந்தாளியாகப் போகிறவருக்குக் கூடாரம், வாகனம் என்று எதற்கு இவ்வளவு விசாரணை? அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். கேட்பதற்குப் பக்தியான பேச்சுத்தான்.

முற்காலத்தில் யமன் வாசிகள் கையில் உணவேதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவர். தாம் தவக்குல் வைத்தவர்கள் என்பர்; மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவர். இதன் காரணமாகவே, பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு பணிக்கும் ஸூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

அதே கிரந்தத்தில் மற்றொரு சம்பவம். முதியவர் ஒருவர் இரு மைந்தர்களின் தோள்களில் தாங்கியவாறு தள்ளாடிச் செல்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். கஃபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். அவர் தம்மை இவ்வாறு வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை எனக் கூறி, வாகனத்தில் ஏறுமாறு பணித்தார்கள். அந்த மைந்தர்களைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. வாப்பாவின் மீதுள்ள பாசத்தினால்தான் தோள் கொடுத்தார்கள். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாகனம்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 பாகை செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் வபாத்தானதாகச் சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களுள் 83 சதவீதத்தினர் உரிய அனுமதியின்றி வந்து, நிழலோ தங்குமிடமோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

நேயர்களே! மினாவிலிருந்து அரஃபாவுக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர். அங்கிருந்து முஸ்தலிஃபாவுக்கு ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நடக்க இயன்ற இளைஞருக்கு இது பெரும் தூரமன்று. ஆனால் சேருமிடத்தில் கூடாரமில்லாதவருக்கு இதுவே முடிவில்லாத தூரமாகிவிடும். கூஃபாவிலிருந்து மக்கா வரையான 1,400 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாதையில், கலீபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பொருள் வழங்கினார். இன்றும் அப்பாதை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

இளைஞர்களே! வாப்பா, உம்மாவை அனுப்புகின்றீர்களாயின், பணம் கட்டுமுன் முகவரிடம் கேளுங்கள். முறையான ஹஜ் விசாவா? மினாவில் கூடாரம் எங்கே, ஜமராத்துக்கு எவ்வளவு தூரம்? அரஃபாவிலிருந்து திரும்ப பஸ் உண்டா, இல்லையா? முகவர் முகம் சுளிக்கட்டும். கேட்பது உங்கள் கடமை. முஸ்தலிஃபாவில் பெரும்பாலும் வெட்டவெளியிலேயே இரவு கழியும். ஒரு பாயும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பலவீனமானோர் இரவிலேயே அங்கிருந்து புறப்பட நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அந்தச் சலுகையை வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம்.

பெற்றோர்களே! புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சுபஹுக்குப் பின் நடந்து பழகுங்கள். அங்கே அணியப்போகும் அதே செருப்புடன் நடவுங்கள். புதுச் செருப்பு முதல் நாளிலேயே காலைக் கடித்துவிடும். குடையும் எடுத்துச் செல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஜமராவில் கல்லெறியச் சென்றபோது, உஸாமா, பிலால் (ரழி) ஆகிய இருவருள் ஒருவர் ஒட்டகத்தின் கடிவாளத்தைப் பிடித்திருக்க, மற்றவர் தமது ஆடையை உயர்த்தி அவர்களுக்கு வெயில் படாமல் நிழல் பிடித்து வந்தார்.