காகிதக் கப்பல் ஓடும் தண்ணீர்
(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை பிடித்ததும் முதலில் தெருவில் இறங்குவோர் நம் குழந்தைகளே. நனைந்து குதித்து, காகிதக் கப்பல் விடுகிறார்கள். அந்த மகிழ்ச்சியைத் தடுக்க வேண்டாம். இடி மின்னலின்போது மட்டும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், கப்பலைச் சுமந்தோடும் தண்ணீரின் நிறத்தைச் சற்றுப் பாருங்கள். செம்மண் பகுதியில் சிவந்து ஓடுவது நமது மானாவாரி நிலத்தின் மேல்மண். நாம் இட்ட எருவும் அதனோடு போகிறது. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதை நிலத்திலேயே நிறுத்த, மழைக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். உடைந்த வரப்புகளைச் செப்பனிடுங்கள்.

நாளை அக்குழந்தைகள் உழவேண்டிய மண் இது. அவர்கள் கப்பல் தெளிந்த நீரில் ஓடட்டும்.